குளியல்தொட்டி மாலுமி

ஹகோடதே,
19 நவம்பர் 1978

மகள் சிகூசாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் கல்யாணம் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. தெற்குத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? தொண்டை கட்டவில்லையே? உன் அம்மாவின் முட்டி வழக்கம்போல வானொலியைவிட ஒருநாள் முந்திக்கொண்டு குளிரை அறிவிக்கிறது. என் உடம்பில் குறையொன்றும் இல்லை. மூளையில் இருப்பது உனக்குத் தெரிந்த பழைய குறைதான்.

முதல் பனி விழுந்துவிட்டது. தெருவெல்லாம் ஐஸ் கிடக்கும் ஊரில் மெஷின் ஓட்டி ஐஸ் செய்து சம்பளம் வாங்குகிறவன் உன் அப்பன் ஒருவன்தான். துறைமுகத்தில் மற்றப் படகுகளைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று. நம் 'கடல்பூனை' மட்டும்தான் தண்ணீரில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தனியாக வெளியே போனேன். பாய்க்கயிறு விறைத்து இரும்புக்கம்பி ஆகியிருந்தது. மரச்சுத்தியால் தட்டித் தட்டி ஐஸை உதிர்த்தேன். நீ இருந்தால் "கயித்தை எழுப்புறீங்களா, கொல்றீங்களா?" என்று கேட்டிருப்பாய். முன்பாயை இழுக்க ஆளில்லாமல் நானே முன்னும் பின்னும் ஓடினேன். கரையில் நின்ற மீன்காரர்கள் சிரித்தார்கள். உதட்டைத் திறந்தால் பல்லில் குளிர் அடிக்கும் நாளில் அவ்வளவு சிரித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்.

உன் மாமனாரிடமும் ஒரு பாய்ப்படகு உண்டென்று கல்யாணத்தன்று சொன்னார். நல்லது. கமலா ஆரஞ்சுத் தோட்டக்காரர், கூடை ஏற்ற வசதியாக இருக்கும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா

*

நாகாயோ,
3 டிசம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பனியின் வாசத்தோடு வந்தது. நான் சுகம். அம்மாவின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுங்கள். இங்கே அத்தைக்கும் அதே வலி. அவருக்கு எனக்கு முன்பே மழை தெரிந்துவிடுகிறது.

அப்பா, இங்கே குளிர்காலத்தில்தான் படகு விடுகிறார்கள்! கோடையில் புயல். இலையுதிர் காலம் முழுக்கக் கமலா பறிப்பு. டிசம்பரில்தான் கை ஓய்கிறது. ஓமுரா விரிகுடா மலைகளுக்கு நடுவில் ஏரி மாதிரி கிடக்கிறது. வெறுங்கையால் கயிறு பிடிக்கலாம், நம்புவீர்களா? மாமா சட்டையோடு வருகிறார், மேலே தோட்டத்தில் போடும் கையில்லாச் சட்டை ஒன்று, அவ்வளவுதான்.

முதல் நாள் பழக்கதோஷத்தில் கயிற்றைப் பாய்மரத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு இழுத்தேன். மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏம்மா, எங்க ஊர் கயித்துல பேய் ஏதும் ஏறியிருக்கா?" என்றார். ஐஸ் என்றேன். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கரையைத் தவறவிட்டோம்.

உங்கள் மாப்பிள்ளை ஷுன்பெய்க்குப் படகைப் பார்த்தாலே வாந்தி. அதனால் மாமாவோடு நான்தான் போகிறேன். நீங்கள் என் கையில் சுக்கானைக் கொடுக்க ஆறு வருஷம் ஆனது. மாமா ஆறு நிமிஷத்தில் கொடுத்துவிட்டுக் கமலா உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

கடிதத்தைக் கொஞ்சம் நல்ல கையெழுத்தில், பார்த்து எழுதுங்கள் அப்பா. இந்த வீட்டில் உங்கள் கடிதத்துக்கு எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

சிகூசா

*

ஹகோடதே,
12 டிசம்பர்

சிகூசாவுக்கு,

தும்மல் இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். வெறுங்கையால் கயிறு பிடிக்கும் ஊரில் அதெல்லாம் எங்கிருந்து வரப்போகிறது?

எல்லோரும் காத்திருக்கிறார்களா? எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இவ்வளவு வாசகர்கள் இருப்பது தெரிந்தால் பள்ளிக்கூடம் இன்னும் இரண்டு வருஷம் போயிருப்பேன். இந்தக் கடிதத்தைப் புதுப் பேனாவால் எழுதுகிறேன். மை உறைந்து நிற்கிறது, அது பேனாவின் குற்றம்.

அம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஆறு நிமிஷம் என்ற இடத்தில் சிரித்தாள். அப்படி என்ன சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. சுக்கானை ஆறு நிமிஷத்தில் கொடுக்கிறவருக்குச் சுக்கானின் அருமை தெரியாது என்றுதான் எனக்குப் படுகிறது. பழம் உரிக்கக் கை வேண்டியிருந்திருக்கும்.

மேலும், மலை சுற்றி நிற்க, ஏரி மாதிரி கிடக்க, சட்டையோடு போவதற்குப் பெயர் குளிர்காலப் பாய்ப்பயணமா? எங்கள் வீட்டுக் குளியல்தொட்டியில் இதைவிட அலை அடிக்கும், நான் இறங்கும்போது.

போகட்டும். ஜனவரி இரண்டாம் தேதி வருஷத்தின் முதல் ஓட்டம். உன் ஒன்பதாவது வயதிலிருந்து பதினைந்து வருஷமாகப் படகின் மூக்கில், அணியத்தில், அரிசி மதுவை ஊற்றுவது நீதான். டிக்கெட் நான் அனுப்புகிறேன். மாப்பிள்ளை வந்தால் கரையில் நிற்கட்டும், வாந்திக்குச் சௌகரியம்.

அப்பா

*

நாகாயோ,
22 டிசம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் நெஞ்சுச்சளி இறங்கியதா? அம்மா தனியாகக் கார்டு போட்டிருந்தார். நீங்கள்தான் எழுதவில்லை.

அப்பா, வர முடியாது. புகுந்த வீட்டில் முதல் புத்தாண்டு. அத்தை இப்போதே மோச்சிப் பலகாரத்துக்கு வேகவைத்த அரிசியை இடிக்கச் சொல்லித் தருகிறார். என் கை இன்னும் உலக்கைக்கு முன்னால் போய் மாட்டிக்கொள்கிறது. இரண்டாம் தேதி இங்கேயும் முதல் ஓட்டம் உண்டு. மாமா என்னையே சுக்கான் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். கோபப்படாதீர்கள்.

உங்கள் போன கடிதம் வந்த இரவு, சாப்பாட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. விடுங்கள். மாமாவைப் பற்றி எழுத வேண்டாமே. பனியைப் பற்றி எழுதுங்கள். 'கடல்பூனை' பற்றி எழுதுங்கள். அதெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிறக்கும் வருஷம் உங்கள் இருவருக்கும் நன்றாக இருக்கட்டும்.

சிகூசா

*

ஹகோடதே,
4 ஜனவரி 1979

சிகூசாவுக்கு,

புது வருஷம் உங்கள் வீட்டில் கமலாவாகக் காய்க்கட்டும். நெஞ்சுச்சளி போய்விட்டது. போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மருந்துக்கடையில் எதுவும் இல்லை.

இரண்டாம் தேதி தனியாக முதல் ஓட்டம் போனேன். மேல்தளத்தில் நாலு விரல் பனி. பாயை விரித்தால் கதவு திறக்கிற சத்தம். வடமேற்குக் காற்று. குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம், நீ அறிவாய். கோடையில் தள்ளுகிற காற்று குளிர்காலத்தில் அறைகிறது. கண் இமை ஒட்டிக்கொண்டது. மதுவை நானே ஊற்றினேன். அலை ஆட்டியதில் பாதி படகுக்கும் பாதி எனக்கும் போயிற்று. எனக்கே அதிகம் போயிருக்கும்.

பனியைப் பற்றி எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். இப்போது உன் மாமனார். எழுதாதே என்கிறாய், ஆனால் என் பேனா உன் அம்மா மாதிரி, சொன்னால் கேட்காது. நீ அவருடைய சுக்கானைப் பிடித்தாய், சரி. அந்தக் குளியல்தொட்டி மாலுமியிடம் நான் சொன்னேன் என்று சொல்: வடமேற்குக் காற்று வெள்ளை நுரை கிளப்புகிற நாளில் ஒரே ஒரு தடவை வெளியே போய்க் காட்டட்டும். அன்றைக்கு நான் அவரை மாலுமி என்று ஒப்புக்கொள்கிறேன். அதுவரை அவர் தண்ணீரில் மிதக்கும் பழ வியாபாரி.

சும்மா தமாஷுக்கு. நீ மட்டும் படித்துச் சிரி.

அப்பா

*

ஹகோடதே,
25 ஜனவரி

சிகூசாவுக்கு,

சுகமா? சுகமாகத்தான் இருப்பாய். சுகமில்லாதவர்கள்தான் பெற்றவர்களுக்குக் கடிதம் எழுதுவார்கள்.

இருபத்தோரு நாள் ஆகிறது. தபால்காரர் எங்கள் வாசலுக்கு வரும்போது பனியில் கால் வழுக்கிய மாதிரி நடித்துத் தாண்டிப் போகிறார். அம்மா சொல்கிறாள், "புதுப்பொண்ணு, வேலை இருக்கும்." எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்றும் தெரியும். வெதுவெதுப்பான காற்று, ஒருவர் உரிக்க ஒருவர் தின்ன.

இங்கே கடல் ஏழு டிகிரி. உனக்கு ஞாபகம் இருக்குமோ இல்லையோ என்று எழுதுகிறேன்.

அப்பா என்று ஒருவன்

*

நாகாயோ,
4 பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். மரங்களுக்குக் கிளை வெட்டும் வேலை. மாமாவுக்குச் சளிக்காய்ச்சல், இப்போது பரவாயில்லை. நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். படகுக்கு இப்போது போவதில்லை.

அப்பா, காற்று அதிகமுள்ள நாளில் தனியாகப் போகாதீர்கள். இடுப்பில் கயிறு கட்டாமல் போகவே போகாதீர்கள். அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

சிகூசா

*

நாகாயோ,
10 பிப்ரவரி

மதிப்புக்குரிய சம்பந்தி கசாய் தொகுசோ அவர்களுக்கு,

இவானகா தாட்சுமி வணங்கி எழுதுவது. வடக்கே குளிர் உச்சத்தில் இருக்கும். தங்களுக்கும் அம்மாளுக்கும் உடல்நலம் எப்படி?

சிகூசா சொல்ல வேண்டாம் என்றாள். சொல்லாமல் இருக்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பெண் கொடுத்த வீட்டிலிருந்து கடிதம் வந்தால் முதலில் முன்னோர் மாடத்தில் வைப்போம். பிறகு வீட்டுத் தலைவன் எடுத்து எல்லோருக்கும் வாய்விட்டுப் படிப்பான். அந்தத் தலைவன் நான். 'குளியல்தொட்டி மாலுமி' என்பதையும் 'மிதக்கும் பழ வியாபாரி' என்பதையும் நானேதான் படித்தேன். குரல் நடுங்காமல் படித்ததாக என் மனைவி சொன்னாள். 'நீ மட்டும் படித்துச் சிரி' என்ற கடைசி வரியையும் படித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஜனவரி பதினான்காம் தேதி வடமேற்குக் காற்று நுரை கிளப்பியது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சிகூசா வாசலை மறித்து நின்றாள். "மாமா, வேணாம். அப்பா சும்மா வம்புக்கு எழுதுறவரு." நான், "ஹகோடதேயில இதைத் தென்றல்னுல்ல சொல்வாங்க" என்றேன். தனியாக விட முடியாமல் அவளும் ஏறினாள்.

கால்மணி நேரம். பாயின் அடிக்கட்டை குறுக்கே வீசி என்னைத் தண்ணீரில் தள்ளியது. இடுப்பில் கயிறு இல்லை. எங்கள் ஊரில் யாரும் கட்டுவதில்லை. தண்ணீர் பன்னிரண்டு டிகிரி. வெளியே வெதுவெதுப்பு என்பதால் உள்ளேயும் அப்படியே இருக்கும் என்று அறுபத்து மூன்று வருஷம் நம்பியிருந்தேன். மூச்சு உள்ளேயே நின்றுவிட்டது. கை என் பேச்சைக் கேட்கவில்லை.

உங்கள் மகள் அலறவில்லை. முன்பாயை இறக்கினாள். படகைச் சுற்றித் திருப்பினாள். காற்றுக்கு நேராக மூக்கை நிறுத்தி, என் கைக்கு எட்டுகிற தூரத்தில் படகை அசையாமல் வைத்தாள். ஒரே முயற்சி. சுருக்குக் கயிற்றை என் அக்குளில் மாட்டிக் கப்பியால் தூக்கினாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, நுரையீரலில் சளி. இப்போது எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஒன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒன்றரை மாதமாக நான் அவளுக்குப் படகு கற்றுக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் தெரிந்தது, அவள் கையில் இருந்ததெல்லாம் நீங்கள் கொடுத்தது. உயிர் பிழைத்தவன் நன்றியோடு மட்டும் இருக்க வேண்டும். நான் உங்கள்மேல் பொறாமையோடும் இருக்கிறேன். என் மகன் படகைப் பார்த்தால் வாந்தி எடுக்கிறான்.

உங்கள் பயிற்சிக்கு என் தலை தாழ்ந்த நன்றி.

தாட்சுமி

*

ஹகோடதே,
17 பிப்ரவரி

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் நெஞ்சில் இப்போது கரகரப்பு உண்டா, இரவு தூக்கம் எப்படி என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதோ தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள்மேல் அடித்த காற்றை ஊதியவன் நான். பெண்ணை அனுப்பிவிட்டு, அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று கேட்டால் சந்தோஷப்பட வேண்டியவன், அவள் யாரோடு சந்தோஷமாக இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தமாஷ் என்று எழுதினேன். தமாஷ் என்று எழுதிய ஒரே வரிதான் அந்தக் கடிதத்தில் பொய். உங்கள் முன்னோர்களும் கேட்டிருக்கிறார்கள். அவர்களிடமும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எழுத ஐந்து நாள் ஆயிற்று.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை 'உங்கள் பயிற்சிக்கு நன்றி' என்ற வரியை மனைவி யாசுகோவைக் கூப்பிட்டு உரக்கப் படித்தேன். இரண்டாம் தடவையும் படித்தேன், அவள் போதும் என்கிறவரை. மூன்றாம் தடவை கடிதத்தை மடித்து வைத்தேன்.

நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது மூன்று விஷயம். கயிற்றிலிருந்து ஐஸை உதிர்ப்பது. இடுப்பில் கயிறு கட்டுவது. நடந்ததை அம்மாவிடம் சொல்லாமல் இருப்பது. விழுந்தவனிடம் படகைத் திருப்பிக் கொண்டுபோகும் வித்தையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே தெரியாது. முப்பது வருஷத்தில் நான் அதைச் செய்ததும் இல்லை. என் கல்வி முழுவதும் விழாமல் இருப்பதுதான். ஏனென்றால் எனக்கு நீச்சல் தெரியாது. இதை யாசுகோவுக்கு அடுத்து உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஆகவே அந்த நன்றியைத் திருப்பி அனுப்புகிறேன். வைத்துக்கொள்ள எவ்வளவு ஆசை என்பது எனக்குத்தான் தெரியும். அவள் எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியாது. உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

தொகுசோ

*

நாகாயோ,
1 மார்ச்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தான். இப்போது நிஜமாகவே நலம். மாமா தோட்டத்துக்கு நடந்து போய்வருகிறார். அம்மாவின் முட்டியில் வீக்கம் வடிந்ததா?

உங்கள் கடிதத்தை மாமா மாடத்தில் வைத்தார். ஆனால் படித்துக் காட்டவில்லை. தனியாகப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "உங்க அப்பா ரொம்ப மோசம்மா. நான் ஒத்தைக் காலில் நின்னு தோத்துட்டேன்னு எழுதினா, மனுஷன் அந்த ஜெயிப்பையும் வேணாங்கிறார்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப எங்கதான் கத்துக்கிட்டே?" என்றார். அவரிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

எனக்குப் பதினைந்து வயதில் சுக்கானைக் கொடுத்தீர்கள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கமிஇசோ படகுத்துறையில் நீங்கள் இறங்கி நூடுல்ஸ் கடைக்குப் போவீர்கள். "பத்து நிமிஷம்" என்பீர்கள், ஒன்றரை மணி நேரம் ஆகும். படகை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்ளவில்லை அப்பா. பாயை ஏற்றி வெளியே போனேன்.

காலி எண்ணெய் டின் ஒன்றைச் சிவப்புச் சாயம் பூசி வைத்திருந்தேன். அதைக் கடலில் வீசிவிட்டுத் திரும்பிப் போய் எடுப்பேன். டின்னுக்குத் 'தொகுசோ' என்று பெயர். உங்களுக்கு நீச்சல் தெரியாதென்று பத்து வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். படகிலிருந்து நீங்கள் தண்ணீரைப் பார்க்கும் விதத்திலேயே தெரியும். உங்கள் இடுப்புக் கயிறு ஒருநாள் அறுந்தால் என்ன ஆகும் என்று ராத்திரி படுக்கையில் யோசிப்பேன்.

முதல் வருஷம் நீங்கள் நிறையத் தடவை செத்துப்போனீர்கள். ஒரு தடவை உங்கள் மேலேயே படகை ஏற்றிவிட்டேன். இரண்டாவது வருஷம் பாதிக்குப் பாதி பிழைத்தீர்கள். மூன்றாவது வருஷம், பனி கொட்டினாலும் கை மரத்தாலும், உங்களை ஒரு தடவைகூட நான் சாகவிடவில்லை.

சொன்னால் உங்கள் மனசு புண்படும் என்று சொல்லவில்லை. மாமா விழுந்தபோது நான் எதையும் யோசிக்கவில்லை. கை தானாகச் செய்தது.

சிகூசா

*

ஹகோடதே,
8 மார்ச்

சிகூசா,

இந்தத் தடவை நலம் விசாரிக்கப் போவதில்லை. கோபமாக இருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா சமையலறைக்குப் போய் ரொம்ப நேரம் பாத்திரம் கழுவினாள். ஒரே பாத்திரத்தை. திரும்பி வந்து, "நூடுல்ஸ் தின்னுக்கிட்டு இருந்தீங்களாக்கும்!" என்றாள்.

தொழிற்சாலையில் மெஷினை நிறுத்த மறந்து, யாருக்கும் வேண்டாத ஐஸ் கூரைவரை ஏறிவிட்டது. மேலாளர் கேட்டபோது, என் மகள் என்னை மூன்று வருஷம் கடலிலிருந்து எடுத்திருக்கிறாள் என்று சொன்னேன். வீட்டுக்குப் போய்ப் படு என்றார்.

படுத்து யோசித்துப் பார்த்தேன். மூன்று வருஷம். பனியில், தனியாக, எனக்காக என்று செய்து வைத்திருந்தாய். எந்த அப்பனுக்கும் இப்படி ஒன்று கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதைத் தூக்கி உன் மாமனாருக்குக் கொடுத்துவிட்டாய். பிழைத்தார், சந்தோஷம். வாயால் சொல்லவில்லை, மனசாரச் சொல்கிறேன். அவர் நல்ல மனிதர். அவரோடு படகில் போ, அத்தை படகுக்குப் பூட்டு ஏதும் போட்டிருந்தால் நான் சொன்னேன் என்று திறக்கச் சொல். இருவரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். இதை அவர் எல்லோருக்கும் உரக்கப் படிக்கட்டும்.

ஆனால் சிகூசா, அது என்னுடையது. டின்னுக்குப் பெயர் தாட்சுமி இல்லை.

ஏப்ரல் கடைசியில் நானும் அம்மாவும் வருகிறோம். கப்பலுக்கும் ரயிலுக்கும் சொல்லியாயிற்று. தண்ணீர் அப்போது கொஞ்சம் சூடேறியிருக்கும் என்கிறார்கள். சம்பந்தி கரையில் நின்று நன்றாகப் பார்க்கட்டும். நான் விழுகிறேன். நீ எடு.

அப்பா